வெள்ளிக்கிழமை கேட்ட சாவி

கொஞ்சம் நகர்ந்து உக்காரும்மா. ஆங், போதும். இந்தப் பை என் மடியிலயே இருக்கட்டும். என் பேத்தி, பாப்பாவுக்கு ரெண்டு கவுனும் ஒரு டப்பா முறுக்கும்தான். பஸ்ல மேல வெச்சுட்டா என் நெஞ்சு அங்கயே கெடக்கும்.

நீ காஞ்சிபுரம் வரைக்கும்தானே? நடுவுல எறங்கிட மாட்டியே? நல்லதாப் போச்சு. உன்கிட்ட ஒரு உதவி கேக்கணும். இப்ப இல்ல. இப்பவே கேட்டா, யாருடா இந்தப் பொம்பளன்னு நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்குவ. மொதல்ல விஷயத்தைச் சொல்றேன், கேட்டுட்டு நீயே முடிவு பண்ணு.

என் மருமகளைத் தேடிப் போறேன். சசிரேகான்னு பேரு, சசின்னு கூப்பிடுவோம். வீட்டை விட்டுப் போயிட்டா. எதுக்குன்னு கேட்டா சிரிப்ப. ஒரு காருக்காக! புருஷன் அடிச்சான்னு போனா ஒரு நியாயம் இருக்கு. புருஷனே இல்ல. என் புள்ள போய்ச் சேர்ந்து வருஷங்களாச்சு. மாமியார் கொடுமைன்னு போனா அதுலயும் ஒரு நியாயம் இருக்கு. நான் அவளை ஒரு நாள் கை நீட்டி அடிச்சதில்ல, சோறு போடாம இருந்ததில்ல. தண்ணியில நனைஞ்ச ஒரு காருக்காக, என்னை ஒத்தையில விட்டுட்டு பாப்பாவையும் கூட்டிட்டுப் போயிட்டா. நீயே சொல்லு, கார் பெரிசா, மனுஷி பெரிசா?

ம்? மனுஷிதான் பெரிசுன்னு சொல்றியா, இல்ல சும்மா தலையாட்டறியா? சரி விடு.

எங்க வீடு முடிச்சூர் பக்கம். சின்ன வீடு, சொந்த வீடு. அந்த வண்டி என் புள்ள குணசேகரன் வாங்கினது. வெள்ளை வண்டி. வாடகைக்கு ஓட்டிக்கிட்டு இருந்தான். ஒரு நாள் நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவன் எழுந்திருக்கல. அத்தோட சரி. வண்டி வாசல்ல தூசி படிஞ்சு நின்னுது. வித்துடுங்கன்னு ஊரே சொல்லிச்சு. இவதான், "நான் ஓட்டறேன் அத்தை"ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தாலி எறங்கின வீட்டுல பொம்பள ஸ்டீரிங் புடிக்கறதா? ஆனா பாரு, நான் தடுக்கல. ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டேன். சாவி என்கிட்ட இருக்கும்னேன்.

அதிகாரம்னு நெனச்சுடாத. அது பாதுகாப்பு. எங்க சாமி ரூம்ல அங்காளம்மன் படம் ஒண்ணு இருக்கு, எங்க குலதெய்வம். சவாரி முடிஞ்சு வந்ததும் சாவி என் கைக்கு வந்துடணும். நான் கொண்டுபோய் அம்மன் காலடியில வெச்சிடுவேன். காலையில குங்குமம் வெச்சு எடுத்துக் குடுப்பேன். ராகு காலத்துல குடுக்க மாட்டேன், எமகண்டத்துல குடுக்க மாட்டேன். அஷ்டமி, நவமின்னா வெளியூர் சவாரியே வேணாம்னுடுவேன். ஒரு தடவை பக்கத்துத் தெருப் பொண்ணு, புள்ளத்தாச்சி, ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு வாசல்ல வந்து நிக்குது. எமகண்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்துது. பொறுத்தா என்ன? பொறுக்கல. ஆட்டோ புடிச்சுப் போயிடுச்சு. அப்புறம் சசியைச் சவாரிக்குக் கூப்பிடறதே இல்ல. மனுஷங்களுக்கு நன்றியே கெடையாதும்மா.

குணா இருக்கறப்ப சாவி எங்க இருக்கும்னு கேக்கறியா? அவன் சட்டைப் பையிலதான். அவன் ஆம்பளப் புள்ள, அவன்கிட்டப் போய்க் கேக்க முடியுமா?

ஆனா ஒண்ணு, சசி நல்லா ஓட்டுவா. நானே சொல்றேன். ஸ்கூல் பசங்களை ஏத்திக்கிட்டுப் போவா, கண் ஆபரேஷனுக்குப் போற கெழவிங்களைக் கையைப் புடிச்சு ஏத்திவிடுவா. எங்க மூணு பேர் சாப்பாடு, பாப்பா ஸ்கூலு, என் சர்க்கரை மாத்திரை, எல்லாம் அந்த நாலு சக்கரத்துலதான் ஓடிச்சு. நான் இல்லங்கல.

அப்பதான் அந்தப் புயல் வந்துது. டிவியில ரெண்டு நாளா கத்திக்கிட்டே இருந்தான். எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்கு. பெருமழைன்னு சொன்னா, கார் வெச்சிருக்கறவங்க எல்லாம் ஓட்டிட்டுப் போய் மேம்பாலத்து மேல வரிசையா ஓரங்கட்டிட்டு, குடை புடிச்சு நடந்து வருவாங்க. பாலத்து மேல தண்ணி தொடாதுல்ல. போலீஸ்காரங்க விரட்டுவாங்க, இவங்க மறுபடி கொண்டுபோய் விடுவாங்க. அன்னிக்கு மத்தியானத்துல இருந்தே எங்க தெருவுல ஒவ்வொரு வண்டியா கெளம்பிடிச்சு.

அன்னிக்கு வெள்ளிக்கிழமை.

சசி சாயந்திரம் சவாரி முடிச்சு வந்தா. சாவியை வாசப்படியில வெச்சா. அவ அன்னிக்கு வீட்டுக்குத் தூரம். அந்த மாதிரி நாள்ல கையில குடுக்க மாட்டா, வாசல்ல வெச்சிடுவா, நான் மஞ்சத் தண்ணி தெளிச்சு உள்ள எடுத்துட்டுப் போவேன். மஞ்சத் தண்ணி பட்டுப் பட்டு அதுல பட்டனே வேலை செய்யறதில்ல, கையாலதான் கதவைத் தொறக்கணும். அதையும் அவ ஒரு நாள் குறையாச் சொன்னதில்ல.

சாவியை வெச்சுட்டு பாப்பாவை டியூசன்ல இருந்து கூட்டிட்டு வரப் போனா. போன வழியில ஆட்டோவுல மைக் கட்டி அறிவிச்சுக்கிட்டு வந்திருக்காங்க, ஏரியைத் தொறந்துவிடப் போறோம், தாழ்வான பகுதியில இருக்கறவங்க ஜாக்கிரதைன்னு. தொப்பலா நனைஞ்சு ஓடி வந்தா. "அத்தை, சாவியைக் குடுங்க, வண்டியப் பாலத்துல விட்டுட்டு ஓடி வந்துடறேன்"னா.

நான் அப்பதான் விளக்கு ஏத்தினேன். கற்பூரம் இன்னும் அணையல. வெள்ளிக்கிழமை விளக்கு வெச்சதுக்கப்புறம் நாங்க ஒரு கல்லு உப்பு வெளிய குடுக்க மாட்டோம். ஒறைக்குத் தயிர் குடுக்க மாட்டோம், ஊசி குடுக்க மாட்டோம். அம்மன் காலடியில இருக்கற சாவியை எப்படி எடுத்துக் கைமாத்தறது? மகாலட்சுமி உள்ள வர்ற நேரம்மா! நான் அதைத்தான் சொன்னேன். "விடியட்டும் சசி. கருக்கல்லயே எடுத்துட்டுப் போ"ன்னேன்.

"வெளியாளுக்கா குடுக்கறீங்க அத்தை? எனக்குத்தானே"ன்னா.

யாரா இருந்தா என்ன, முறைன்னா முறைதானே?

அவளே உள்ள போய் எடுத்திருக்கலாமேன்னு நெனைப்ப. அதான் சொன்னேனே, தூரம். சாமி ரூம் நிலைப்படியைத் தாண்டக் கூடாதுன்னு அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, நிலைப்படிக்கு மேல கையை மட்டும் நீட்டிக்கிட்டு நின்னா. "குடுங்க அத்தை, குடுங்க அத்தை"ன்னு. தலையில இருந்து தண்ணி சொட்டுது. நான் திரியைத் தூண்டிவிட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப நெனச்சா, அவ தாண்டியிருக்கலாம்மா. தாண்டியிருந்தா நான் என்ன வெட்டியா போட்டிருப்பேன்? நான் பாட்டுக்குத் திட்டியிருப்பேன், அவ பாட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்பா. நல்ல பொண்ணு, சொன்னா கேப்பா. அதான் வெனையாப் போச்சு.

கையை எப்ப எறக்கினான்னு நான் பாக்கல.

விடியக்காலையில கட்டில்ல இருந்து காலைக் கீழ வெச்சேன். சில்லுன்னுது. வீட்டுக்குள்ள தண்ணி. பதறிப் போய் சசியை எழுப்பறதுக்குள்ள முழங்காலுக்கு வந்துடுச்சு. நான் ஓடிப்போய் சாவியை எடுத்து அவ கையில குடுத்தேன். நான் குடுக்கலன்னு யாரும் சொல்ல முடியாது. வெள்ளி முடிஞ்சு சனி பொறந்துடுச்சே! அவ சாவியோட வாசல் கதவைத் தொறந்து வெளிய பார்த்தா. கார் ஜன்னல் கண்ணாடி வரைக்கும் தண்ணி. முன்னாடி பேனட்டு தெரியவே இல்ல. அப்புறம் திரும்பி வந்து, சாவியை என் உள்ளங்கையிலயே வெச்சு விரலை மடக்கிவிட்டா.

திட்டியிருக்கலாம். கத்தியிருக்கலாம். நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ரெண்டு பேரும் கத்தி முடிச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

பக்கத்து வீட்டுக் கோதண்டம் அண்ணன் வீட்டுக்கு மாடி இருக்கு. மொதல்ல பாப்பாவைத் தோள்ல தூக்கிட்டுப் போய் விட்டுட்டு வந்தா. அப்புறம் என்னை. இடுப்பளவு தண்ணி, கீழ எது பள்ளம் எது மேடுன்னு தெரியல. என் கையை விடவே இல்ல. மாடிக்குப் போனதும் எனக்கு அழுகை வந்துடுச்சு, ஐயோ என் அம்மன் படம்னு. நான் போன்னு சொல்லலம்மா. அழுதேன், அவ்வளவுதான். அவ திரும்பவும் எறங்கிப் போனா. நெஞ்சளவு தண்ணியில படத்தைத் தலை மேல வெச்சுத் தூக்கிட்டு வந்தா. வந்து என் எதிர்ல வெச்சா.

நான் ஒண்ணும் பெரிசா சொல்லல. "தலைக்கு ஊத்திக்கிட்டுத் தொட்டிருக்கலாமேம்மா"ன்னேன். மெதுவாத்தான் சொன்னேன்.

சிரிக்கறியா? கோதண்டம் அண்ணன் பொண்டாட்டியும் இப்படித்தான் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுது. எதுக்குன்னு எனக்கு வெளங்கல. சசி சிரிக்கல. என்னை ஒரு பார்வை பார்த்தா. அந்தப் பார்வை இன்னும் எனக்கு என்னன்னு புரியலம்மா. கோவம்னா எனக்குப் புரியும். அது கோவம் இல்ல.

தண்ணி வடிஞ்சப்புறம் எறங்கி வந்தோம். வீட்டை விடு, கழுவினாப் போகும். அந்த வண்டியைப் பார்த்திருக்கணும் நீ. கதவைத் தொறந்தா சேறு வழியுது. சீட்டு பஞ்செல்லாம் ஊறிப்போய் ஒரே நாத்தம், சாக்கடை நாத்தம். கால் வைக்கற எடத்துல கெளுத்தி மீன் ஒண்ணு கெடந்து துடிக்குது. பாப்பா கைதட்டிச் சிரிச்சா. சசி அதை ஒரு மக்குல புடிச்சு வாய்க்கால்ல விட்டுட்டு வந்து, அதே மக்கால சேத்தை வாரி ஊத்த ஆரம்பிச்சா. சீட்டைக் கழட்டி வெயில்ல போட்டா. வெயில் எங்க இருந்துது? நானும் சும்மா இருக்கல. தெனம் சாம்பிராணி போட்டேன் வண்டிக்குள்ள. சாக்கடையும் சாம்பிராணியும் சேர்ந்து ஒரு வாசனை வந்துது, அதைச் சொல்ல முடியாது.

மெக்கானிக் போன்ல சொல்லியிருக்கான், சாவியைப் போடவே கூடாது, இன்ஜினுக்குள்ள தண்ணி இருக்கும், ஸ்டார்ட் பண்ணினா உள்ள ஒடஞ்சுடும், அப்புறம் இன்சூரன்ஸும் கெடைக்காதுன்னு. இழுத்துட்டுப் போற வண்டியோட வர்றேன்னான். வரவே இல்ல. ஊர் முழுக்க முழுகின வண்டிதானே, அவனுக்கு எத்தனை கை இருக்கு? போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறான். தண்ணி வடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை சசி நேர்லயே போய் உக்காந்து கையோட கூட்டிட்டு வர்றேன்னு கெளம்பினா. போறப்ப சொன்னா, "அத்தை, யாரையும் சாவி போட விடாதீங்க. வேணாம், என்கிட்டயே குடுத்துடுங்களேன்"னா.

"எதுக்கு? அது இருக்கற எடத்துல இருக்கட்டும். நான் யாருக்குக் குடுக்கப் போறேன்?"னு சொன்னேன். சத்தியமா அப்ப எனக்கு ஒரு நெனப்பும் இல்லம்மா.

ஆனா நீ ஒண்ணு யோசிச்சுப் பாரு. தண்ணி வந்த நாள்ல இருந்து அவ என்கிட்டப் பேசறதே இல்ல. "சாப்பிடுங்க." "மாத்திரை போட்டீங்களா?" அவ்வளவுதான். ஒரே வீட்டுல, ஒரே ரூம்ல. அந்த மௌனத்தை என்னால தாங்க முடியல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தோணிச்சு. இந்த வண்டி ஓடிடுச்சுன்னா எல்லாம் சரியாயிடும். அவ தெருமுனையில திரும்பறா, வண்டி வாசல்ல உறுமிக்கிட்டு நிக்குது, "அத்தை!"ன்னு ஓடி வர்றா. இப்படியே கண்ணு முன்னால வந்துது எனக்கு. வேற எதுவும் தெரியல.

காலண்டரைப் பார்த்தேன். நல்ல நேரம் நடக்குது. கோதண்டம் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் முப்பது வருஷம் பஸ்லயே இருந்தவர். கண்டக்டர்தான். ஆனா டிரைவர் பக்கத்துலயே நின்னு பார்த்தவர் இல்லையா? "பட்டம்மா, மெக்கானிக்குங்க அப்படித்தான் பயமுறுத்துவானுங்க, காசு புடுங்கறதுக்கு. ஒரு வாரமா காஞ்சிருக்கு, உள்ள என்ன தண்ணி இருக்கப் போவுது?"ன்னார். நியாயமாத்தானே பட்டுச்சு? அவர் மகன் வண்டியில இருந்து பேட்டரியைக் கழட்டிக் கொண்டாந்து மாட்டினார். நான் சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சேன். கற்பூரம் காட்டினேன். சாவிக்குக் குங்குமம் வெச்சு, ரெண்டு கையாலயும் அவர்கிட்டக் குடுத்தேன்.

ரெண்டு தடவை முக்கிச்சு. மூணாவது தடவை புடிச்சுக்கிச்சும்மா! ஓடிச்சு! நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையை எறக்கல, டமார்னு உள்ள என்னமோ ஒடஞ்ச சத்தம். எங்க வீட்டுக் கதவெல்லாம் அதிர்ந்துது. அப்புறம் அடியில இருந்து கறுப்பா ஆயில் ஒழுக ஆரம்பிச்சுது. எலுமிச்சம்பழம் நசுங்காம அப்படியே இருந்துது. வண்டி ஒரு அடி நகரல.

தெருமுனையில அந்த நேரம் பார்த்தா இழுக்கற வண்டி வரணும்? வந்துது. சசி அந்த டிரைவர் பக்கத்துல உக்காந்து வர்றா. எறங்கினா. ஆயிலைப் பார்த்தா. எலுமிச்சம்பழத்தைப் பார்த்தா. அவ சீட்டுல உக்காந்திருக்கற கோதண்டம் அண்ணனைப் பார்த்தா. அவர் எறங்கறதா வேணாமான்னு முழிக்கறார். அப்புறம் என்கிட்ட வந்தா.

"அவருக்குக் குடுத்தீங்களா அத்தை?"

அவ்வளவுதாம்மா கேட்டா. "நல்ல நேரம் பார்த்துத்தாம்மா குடுத்தேன், உனக்காகத்தான் குடுத்தேன்"னு சொன்னேன். உண்மைதானே அது? அவளுக்காகத்தானே? வேற யாருக்காக? நீயே சொல்லு.

இன்சூரன்ஸ்காரன் வந்தான், குனிஞ்சு நிமிர்ந்து போட்டோ எடுத்தான். தண்ணி ஏறின வண்டியை ஸ்டார்ட் பண்ணதாலதான் இன்ஜின் போயிருக்கு, இது புயல் பண்ண சேதம் இல்லம்மா, நீங்க பண்ண சேதம்னுட்டான். என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு என்னைப் பார்த்துச் சொல்றான்! நான் அழுதேன், கெஞ்சினேன், அவன் கால்ல விழாத குறைதான். சசி ஒரு வார்த்தை கெஞ்சல. வண்டி இரும்புக்குப் போச்சு. கொக்கி மாட்டி இழுத்துட்டுப் போனப்ப, என் புள்ளையை ரெண்டாவது தடவை தூக்கிட்டுப் போற மாதிரி இருந்துது. நான் மாருல அடிச்சுக்கிட்டு அழுதேன். அவ பாப்பாவோட துணியை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு இருந்தா.

எனக்கு அப்பவும் புரியல. "எங்க போவ? அப்பனா ஆத்தாளா, யார் இருக்கா உனக்கு?"ன்னு கேட்டேன். பயத்துல கேட்டதும்மா, குத்திக்காட்டக் கேட்டதில்ல. "வண்டி ஓட்டத் தெரியும் அத்தை"ன்னா. செருப்பை மாட்டினா. பாப்பா மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனா.

தண்ணி குடிக்கறியா? நான் குடிச்சுக்கறேன் கொஞ்சம்.

அப்புறம் நான் எப்படி இருக்கேன்னு நீ கேக்கல. கேக்காட்டியும் சொல்றேன். செவுத்துல தண்ணி நின்ன கோடு அப்படியே இருக்கு, வெள்ளையடிக்க மனசு வரல. ரேஷன் அரிசி இருக்கு, பசிக்குதுன்னு தோணினாத்தான் ஒலை வைக்கறேன். டிவியைச் சத்தமா வெச்சுட்டு உக்காந்திருப்பேன், யாராவது பேசற மாதிரி இருக்கும்ல. நான் செத்துக் கெடந்தாக்கூட பால்காரன் வந்து பார்த்தாத்தான் உண்டு. எனக்கு அவ வேணும்மா. பாப்பா வேணும். சண்டை போட்டாலும் பரவால்ல, பேசாம இருந்தாலும் பரவால்ல, அந்த வீட்டுல அவங்க மூச்சு வேணும். இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல.

காஞ்சிபுரத்துல இருக்கான்னு எப்படித் தெரியும்னா, கோதண்டம் அண்ணன் பொண்டாட்டி கல்யாணப் பட்டு எடுக்க அங்க போயிருந்துது. பஸ் ஸ்டாண்டுல ஒரு காரைப் புடிச்சா, டிரைவர் சசி! கோயிலுக்கு வர்றவங்க, சேலை எடுக்க வர்றவங்களை எல்லாம் ஏத்திட்டுப் போறாளாம். யாரோ ஒரு அம்மாவோட வண்டியாம். அந்த அம்மா சாவியை இவகிட்டயே விட்டுட்டாங்களாம், இவ வீட்டுக்கே எடுத்துட்டுப் போறாளாம். இது என்ன பொறுப்பில்லாத மொதலாளி? சாமி படத்துக்கிட்டக்கூட வைக்கறதில்லையாம்.

நம்பரை வாங்கிட்டு வந்து குடுத்துது. பண்ணினேன். என் குரலைக் கேட்டதும், "மாத்திரை போடறீங்களா அத்தை?"ன்னு கேட்டா. போடறேன்னேன். வெச்சுட்டா. மறுநாள் பண்ணினேன், எடுக்கல. அதுக்கப்புறம் மணியே அடிக்கறதில்ல, என்னமோ இங்கிலீசுல சொல்லுது. என் நம்பர் வராத மாதிரி பண்ணி வெச்சிருப்பான்னு கோதண்டம் அண்ணன் சொல்றார். அப்படிக்கூடப் பண்ண முடியுமாம்மா ஒரு மனுஷியை?

அதுக்குத்தான் உன்கிட்ட உதவி. உன் போன்ல இருந்து ஒரு தடவை பண்ணு. சவாரி வேணும், பஸ் ஸ்டாண்டுக்கு வாங்கன்னு சொல்லு. பொய்யே இல்லையே, சவாரிதானே? அவ வருவா. நான் பின் சீட்டுல ஏறி உக்காந்துட்டேன்னா என்னை எறக்கிவிட முடியுமா அவளால? முடியாது. எனக்குத் தெரியும் அவளை.

மன்னிப்புக் கேப்பீங்களான்னா? எதுக்கும்மா மன்னிப்பு? நான் என்ன திருடினேனா? சாமிக்கு பயந்தது தப்பா? வேணும்னா இப்படிச் சொல்லுவேன். "வீட்டுக்கு வா சசி. இனிமே சாவியை நீயே வெச்சுக்கோ"ன்னு.

என்ன பாக்கற? எந்தச் சாவியா?

ஆமால்ல. வண்டியே இல்லையே.

...பரவால்ல, பண்ணும்மா. காஞ்சிபுரம் வந்துடும் போல இருக்கு. இந்தா நம்பரு. சத்தமா வை, நான் கேக்கணும். அந்தப் பட்டனை அமுத்து. நான் மூச்சுக்கூட விட மாட்டேன்.

அடிக்குது, அடிக்குது.

சசிதான்! "வணக்கம், சசி பேசறேன், சொல்லுங்க மேடம்"ங்கறா. பேசும்மா, பேசு. பஸ் ஸ்டாண்டுன்னு சொல்லு.

அங்க சிரிக்கறது பாப்பாதான். என்னமோ தின்னுக்கிட்டே சிரிக்கறா. "அம்மா போன் பேசறேன்ல, வாலு"ங்கறா. சசியும் சிரிக்கறா. இவளுக்கு இப்படிச் சிரிக்க வருமா? எங்க வீட்டுல ஒரு தடவைகூட இந்தக் குரலை நான் கேட்டதில்லம்மா. குணா இருந்தப்பகூட இல்ல. நான் இருக்கேன்னு தெரிஞ்சா இந்தக் குரல் போயிடும். போயிடும்ல?

என்ன கேக்கறா? காதுல சரியா விழல. பெரியவங்க யாராச்சும் கூட வர்றாங்களான்னா? வந்தா கையைப் புடிச்சு ஏத்திக்கறேன், வண்டியக் கிட்ட கொண்டாந்து நிறுத்தறேங்கறாளா?

இல்லன்னு சொல்லும்மா. இந்தப் பையை மட்டும் நீயே பாப்பாகிட்டச் சேர்த்துடு. யாரும் இல்ல, நான் மட்டும்தான்னு சொல்லு.